வாங்கும் முன் ஜூம் லென்ஸைச் சோதிப்பது எப்படி? – வாசகர் கேள்வி பதில்

கடலூர், புதுச்சேரி வட்டாரத்திலிருந்து இம்முறை வந்துள்ள கேள்விகளில் பெரும்பாலானவை ஜூம் லென்ஸ் பற்றியவை. ஆகவே இந்த இதழில் அவற்றுக்கு மட்டும் பதில் அளிக்கிறோம்.

கேள்வி: என்னிடம் கேனான் நிறுவனத்தின் தொடக்கநிலை டி.எஸ்.எல்.ஆர். கேமராவும், அதனுடன் வந்த 18-55 லென்ஸும் இருக்கின்றன. தேவனாம்பட்டினம் கடற்கரையில் பறவைகளையும், மீனவர்கள் படகு தள்ளுவதையும் படம் எடுக்க ஆசை. நண்பரிடமிருந்து 55-250 லென்ஸையும், பழக்கமான கடைக்காரரிடமிருந்து 75-300 லென்ஸையும் சோதித்துப் பார்க்க வாங்கி வைத்திருக்கிறேன். முழு ஜூமில் இரண்டிலுமே படம் மங்கலாக வருகிறது. எது நல்ல லென்ஸ் என்று எப்படி முடிவு செய்வது?
– வாசகர், திருப்பாதிரிப்புலியூர்

பதில்: இரண்டு லென்ஸிலும் படம் ஒரே மாதிரி மங்குகிறது என்றால், குறை கண்ணாடியில் இருப்பதற்கான வாய்ப்பு மிகக் குறைவு. கையின் அசைவு, சூடான காற்று, தவறிய ஃபோகஸ் ஆகிய மூன்றில் ஏதோ ஒன்றுதான் பெரும்பாலும் காரணமாக இருக்கும். இந்த மூன்றையும் விலக்கிவிட்டுப் பார்த்தால்தான் லென்ஸின் தரம் தெரியும். அதைச் செய்யாமலேயே பலர் நல்ல லென்ஸைத் திருப்பிக் கொடுத்துவிடுகிறார்கள் என்பது எனக்கு உண்மையிலேயே வருத்தம் தரும் விஷயம்.

முதலில் கை. உங்கள் கேமராவில் படம் பதியும் சென்சார் முழு அளவுச் சென்சாரைவிட (35 மி.மீ. ஃபிலிம் அளவு) சிறியது என்பதால், லென்ஸின் குவியத் தூரத்தை (பெயரில் உள்ள மி.மீ. எண்) 1.6 ஆல் பெருக்கிக் கணக்கிட வேண்டும். 250 மி.மீ. என்பது 400 மி.மீ. லென்ஸ் காட்டும் காட்சிக்கும், 300 மி.மீ. என்பது 480 மி.மீ. லென்ஸ் காட்டும் காட்சிக்கும் சமம். கையில் பிடித்து எடுக்கும்போது ஷட்டர் வேகம் ஏறத்தாழ இந்த எண்ணுக்குக் கீழே போகக்கூடாது என்பது பழைய விதி. அதாவது ஒரு நொடியில் 400-ல் ஒரு பங்கு, 500-ல் ஒரு பங்கு என்ற அளவாவது வேண்டும். 55-250 லென்ஸில் ஐ.எஸ். என்று குறிப்பிடப்படும் அதிர்வுக் குறைப்பு வசதி இருப்பதால், அசையாத பொருளை அதைவிடக் குறைந்த வேகத்திலும் எடுத்துவிடலாம். கேமராவுடன் இரட்டை லென்ஸ் தொகுப்பாகப் பல கடைகளில் தரப்படும் 75-300 மூன்றாம் பதிப்பில் அந்த வசதி கிடையாது. பெட்டியின் மேல் 300 என்ற பெரிய எண் மட்டும் கண்ணில் படுவதால், இந்த வேறுபாட்டை வாங்குபவர்கள் கவனிப்பதில்லை. ஆனால் அதிர்வுக் குறைப்பு உங்கள் கையைத்தான் நிலைப்படுத்தும். பறக்கும் ஆலாவின் இறக்கையை நிறுத்தாது. அதற்கு ஷட்டர் வேகத்தை 1000-ல் ஒரு பங்குக்கு மேல் உயர்த்துவதைத் தவிர வேறு வழி இல்லை.

அடுத்தது காற்று. தேவனாம்பட்டினத்தின் அகன்ற மணல்வெளி காலை பத்து மணிக்கெல்லாம் கொதிக்கத் தொடங்கிவிடும். சூடான மணலிலிருந்து எழும் காற்று நெளிவதால், அதற்கு அப்பால் தெரியும் படகின் விளிம்பும் நெளிகிறது. வியூஃபைண்டரில் கண்ணை வைத்து, ஷட்டரை அழுத்தாமல், தூரத்துப் படகின் பக்கவாட்டில் எழுதியிருக்கும் பதிவு எண்ணைச் சிறிது நேரம் உற்றுப் பாருங்கள். எண்கள் தண்ணீருக்குள் கிடப்பதுபோல் அலைந்தால், லட்ச ரூபாய் லென்ஸை மாட்டினாலும் அந்த நேரத்தில் அந்தப் படம் தெளிவாக வராது. ஆகவே சோதனையை விடியற்காலையில் செய்யுங்கள். முடியாவிட்டால் பத்துப் பதினைந்து மீட்டருக்குள் இருக்கும் பொருளை வைத்துச் செய்யுங்கள்.

மூன்றாவதான ஃபோகஸை விரிவாகவே சொல்ல வேண்டும். டி.எஸ்.எல்.ஆர். கேமராவில் வியூஃபைண்டர் வழியாகப் பார்த்து எடுக்கும்போது, படம் பதியும் சென்சார் ஃபோகஸை அளப்பதில்லை. வியூஃபைண்டருக்கு ஒளியைத் திருப்பும் கண்ணாடி (மிரர்) உள்ள பெட்டியின் அடியில் தனியாக உள்ள வேறொரு சென்சார் அளக்கிறது. இந்த இரண்டுக்கும் ஒளி கடந்து வரும் தூரம் மிகத் துல்லியமாக ஒத்துப்போக வேண்டும். சிறிது பிசகினாலும் நீங்கள் குறிவைத்த கண்ணுக்கு முன்னாலோ பின்னாலோ ஃபோகஸ் விழுந்துவிடும். பின்திரையில் பார்த்து எடுக்கும் லைவ் வியூவில் படம் பதியும் சென்சாரே ஃபோகஸையும் பார்த்துக்கொள்வதால் அந்தப் பிசகுக்கு இடமில்லை. எனவே கேமராவை முக்காலியில் பொருத்தி, ஐ.எஸ். பொத்தானை அணைத்து, 2 நொடி டைமர் வைத்து, லைவ் வியூவில் காட்சியை 10 மடங்கு பெரிதாக்கி ஃபோகஸ் செய்து ஒரு படம் எடுங்கள். பிறகு எதையும் நகர்த்தாமல் வியூஃபைண்டர் வழியாகத் தானியங்கி ஃபோகஸில் சில படங்கள் எடுங்கள். ஒவ்வொன்றுக்கும் முன்னால் ஃபோகஸ் வளையத்தைச் சற்றுத் திருப்பிக் கலைத்துவிட வேண்டும். லைவ் வியூ படம் கூர்மையாகவும் மற்றவை மங்கலாகவும் இருந்தால், கண்ணாடியில் குறை இல்லை. லென்ஸும் உங்கள் கேமராவும் ஒன்றுக்கொன்று ஒத்துப்போகவில்லை என்று பொருள். விலை உயர்ந்த கேமராக்களில் இதை மெனுவிலேயே சரிசெய்துகொள்ளலாம். தொடக்கநிலைக் கேமராக்களில் பொதுவாக அந்த வசதி இருக்காது என்பதால், சர்வீஸ் மையத்துக்கு அனுப்ப வேண்டும் அல்லது வேறொரு லென்ஸைத் தேர்ந்தெடுக்க வேண்டும். கடைக்காரரின் கேமராவில் மாட்டிப் பார்த்துத் திருப்தி அடையாமல், உங்கள் கேமராவை எடுத்துச் சென்று சோதியுங்கள் என்று நான் வற்புறுத்துவதற்கு இதுவே காரணம்.

இவை மூன்றும் விலகிய பிறகு, லென்ஸைச் சோதிக்கப் புதுச்சேரிக் கடற்கரைச் சாலையைவிட வசதியான இடம் நம் பக்கத்தில் இல்லை. கடல் கிழக்கே இருப்பதால், காலை வெயில் பழைய கலங்கரை விளக்கத்தின் மீதும் அதையொட்டிய கட்டடங்களின் முகப்பு மீதும் நேராக விழுகிறது. அந்த வெளிச்சத்தில் சுவர் விளிம்பு, ஜன்னல் கம்பி போன்ற நுண்விவரங்களை, ஜூமின் தொடக்கம், நடு, முடிவு ஆகிய மூன்று நிலைகளிலும், ஒளி புகும் துளையான அப்பெர்ச்சரை முழுவதும் திறந்து ஒரு முறையும், அதைச் சுருக்கி எஃப் 8-ல் (எஃப் எண் கூடினால் துளை சிறுக்கும்) ஒரு முறையும் எடுங்கள். எஃப் 8-ல் எந்த லென்ஸும் ஓரளவு நன்றாகவே தெரியும்; முழுத் திறப்பில் எப்படி இருக்கிறது என்பதில்தான் ஒன்றுக்கும் மற்றொன்றுக்கும் உள்ள வேறுபாடு வெளிப்படும். உட்தெருக்களில் தமிழிலும் பிரெஞ்சிலும் எழுதிய நீல நிறத் தெருப் பெயர்ப் பலகைகள் இருக்கின்றன. நீலத்தின் மேல் வெள்ளை எழுத்து என்பதால், எழுத்தின் ஓரத்தில் கூர்மை இருக்கிறதா, வண்ணம் கசிகிறதா என்று உடனே தெரிந்துவிடும். வெளிறிய வானத்தைப் பின்னணியாகக் கொண்ட தென்னங்கீற்றை முழு ஜூமில் எடுத்துப் பார்த்தால், கீற்றின் ஓரத்தில் ஊதாக் கோடு எவ்வளவு விழுகிறது என்பதும் புலப்படும்.

லென்ஸின் உள்ளே கண்ணாடி ஏதேனும் ஒருபக்கமாகச் சாய்ந்திருக்கிறதா என்று அறியக் கடலின் அடிவானமே போதும். வெயில் உங்கள் முதுகுக்குப் பின்னால் இருக்கும் மாலை நேரத்தில், அடிவானக் கோடு சட்டத்தின் ஒரு மூலையிலிருந்து எதிர் மூலைக்குக் குறுக்காகப் போகும்படி முக்காலியில் கேமராவைச் சாய்த்து ஒரு படமும், மறுபக்கம் சாய்த்து இன்னொரு படமும் எடுங்கள். அடிவானம் முழுவதும் ஒரே தொலைவில் இருப்பதால், நான்கு மூலைகளிலும் கோடு ஏறத்தாழ ஒரே கூர்மையுடன் தெரிய வேண்டும். நான்கும் சமமாகச் சற்று மங்கினால் அது அந்த வகை லென்ஸின் இயல்பு. ஒரு மூலை மட்டும் கரைந்து தெரிந்தால் அந்தக் குறிப்பிட்ட லென்ஸை வாங்காதீர்கள். அதே வகையில் வேறொன்றைக் கேளுங்கள். கோட்டைச் சட்டத்தின் மேல் விளிம்பை ஒட்டி நேராக வைத்து எடுத்தால் அது வளைவதும் தெரியும். அகன்ற கோணத்தில் நடுப்பகுதி வெளியே புடைப்பதும், நீண்ட ஜூமில் உள்ளே குழிவதும் வழக்கம். இந்த வளைவைக் கணினியில் நிமிர்த்திவிடலாம் என்பதால் அதற்காக ஒரு லென்ஸை ஒதுக்க வேண்டியதில்லை.

அத்துடன் லென்ஸைக் கீழ்நோக்கிப் பிடித்து, ஜூம் குழல் தானாக இறங்குகிறதா என்று பாருங்கள். எடுத்த படங்களைக் கேமராவின் சிறிய திரையில் பார்த்து முடிவு செய்யாமல், வீட்டுக்குக் கொண்டுவந்து கணினியில் முழு அளவில் அருகருகே வைத்துப் பாருங்கள்.

உங்கள் தேவைக்கு நான் 55-250 எஸ்.டி.எம். லென்ஸையே சொல்வேன். 375 கிராம்தான் எடை, 85 செ.மீ. தொலைவு வரை நெருங்கி ஃபோகஸ் செய்யும். மணலில் நடந்துகொண்டே கையில் பிடித்து எடுப்பவருக்கு அதிர்வுக் குறைப்பு கூடுதல் 50 மி.மீ. குவியத் தூரத்தைவிடப் பன்மடங்கு பயன்தரும்.

கேள்வி: திருமணங்களுக்கும் கோவில் விழாக்களுக்கும் படம் எடுத்துக் கொடுக்கிறேன். இரவில் சுவாமி புறப்பாட்டின்போது என் 55-250 லென்ஸில் படம் இருட்டாகவும் புள்ளி புள்ளியாகவும் வருகிறது. கடன் வாங்கியாவது 70-200 எஃப் 2.8 லென்ஸ் வாங்கிவிடலாமா?
– வாசகர், வில்லியனூர்

பதில்: கடன் வாங்குவதற்கு முன்னால் ஒரே ஒரு நிகழ்ச்சிக்கு அதை வாடகைக்கு எடுத்துப் பாருங்கள். உங்கள் லென்ஸ் முழு ஜூமில் எஃப் 5.6-க்கு மேல் திறக்காது. எஃப் 2.8 அதைவிட நான்கு மடங்கு ஒளியை உள்ளே விடுகிறது. அதாவது நீங்கள் ஐ.எஸ்.ஓ. (ஒளியுணர்வு அளவு) 6400-ல் எடுக்கும் அதே படத்தை 1600-ல் எடுக்கலாம். தீப்பந்தமும் டியூப் லைட்டும் கலந்த வெளிச்சத்தில் நீங்கள் சொல்லும் புள்ளிகள் பெரிதும் குறைந்துவிடும். ஃபோகஸும் விரைவாகப் பிடிக்கும். இந்த ஆதாயம் உண்மையானது.

ஆனால் விலையைத் தவிர வேறு இரண்டு கணக்குகளும் இருக்கின்றன. கேனானின் 70-200 எஃப் 2.8 ஐ.எஸ். இரண்டாம் பதிப்பின் எடை 1490 கிராம். கேமராவுடன் சேர்த்து அதைத் தோள் உயரத்தில் தூக்கிக்கொண்டு நான்கு மாட வீதிகளையும் சுற்றி வர உங்களால் முடியுமா என்பதை, வாடகைக்கு எடுத்த அந்த ஓர் இரவு சொல்லிவிடும். மற்றொன்று, உங்கள் சிறிய சென்சார் கேமராவில் அந்த லென்ஸின் தொடக்கமே 112 மி.மீ. காட்சிக்குச் சமம். கூட்டம் நெருக்கும் குறுகிய வீதியில் சுவாமியை முழு அலங்காரத்துடன் சட்டத்துக்குள் கொண்டுவரப் பின்னால் நகர இடம் இருக்காது. மண்டபத்தில் தாலி கட்டும்போதும் இதே நெருக்கடிதான்.

இதற்கு ஒரு எளிய ஆய்வு இருக்கிறது. கடந்த சில விழாக்களில் நீங்கள் எடுத்து, வாடிக்கையாளர் ஆல்பத்துக்குத் தேர்ந்தெடுத்த படங்களை மட்டும் கணினியில் திறந்து, ஒவ்வொன்றின் விவரப் பகுதியிலும் குவியத் தூரம் என்ன என்று பாருங்கள். அந்த எண் கேமராவிலேயே படத்துடன் பதிவாகியிருக்கும். பெரும்பாலான படங்கள் 20-க்கும் 50-க்கும் இடையில் இருந்தால், உங்களுக்குத் தேவை 70-200 அல்ல. டாம்ரான் அல்லது சிக்மாவின் 17-50 எஃப் 2.8 லென்ஸ். அது கேனானின் 70-200-ஐவிட மிகக் குறைந்த விலையில் கிடைக்கும். நான்கு மடங்கு ஒளி என்ற ஆதாயம் 50 மி.மீ. முனையில் கேமராவுடன் வரும் 18-55 கிட் லென்ஸுடன் ஒப்பிட்டாலும் அப்படியே பொருந்தும். ஆய்வில் நீண்ட ஜூம் படங்களே அதிகம் என்று தெரிந்தால் மட்டும் 70-200-ஐப் பற்றி யோசியுங்கள்.

வாடகைக்கு எடுக்கும்போது, கடையிலேயே லென்ஸின் முன், பின் கண்ணாடிகளையும் வரிசை எண்ணையும் செல்போனில் படம் எடுத்து வைத்துக்கொள்ளுங்கள். திருப்பித் தரும்போது பேச்சு வளராமல் இருக்க அது உதவும்.

கேள்வி: என்னிடம் நிக்கான் டி5100 இருக்கிறது. கடையில் புதிய ஏ.எஃப்.-பி 70-300 லென்ஸை மாட்டிப் பார்த்தபோது ஃபோகஸே ஆகவில்லை. லென்ஸ் பழுதா, கேமரா பழுதா?
– வாசகி, நெல்லிக்குப்பம்

பதில்: இரண்டுமே பழுது இல்லை. ஏ.எஃப்.-பி வகை லென்ஸ்களை இயக்கும் மோட்டார் புதிய முறையைச் சேர்ந்தது. டி3100, டி3200, டி5100, டி90 போன்ற பழைய கேமராக்கள் அதற்குக் கட்டளை தர அறியாதவை. அந்த லென்ஸின் ஃபோகஸ் வளையமும் மின்சாரத்தால் இயங்குவதால், கையால் திருப்பினாலும் பயன் இல்லை. டி3300, டி5300 ஆகியவற்றில் ஃபர்ம்வேரை (கேமராவின் உள் மென்பொருளை) புதுப்பித்தால் வேலை செய்யும். உங்கள் கேமராவுக்கு ஏ.எஃப்.-எஸ் என்று எழுதிய 55-200 அல்லது 55-300 வி.ஆர். (நிக்கானின் அதிர்வுக் குறைப்பு) லென்ஸைக் கேளுங்கள். ஏ.எஃப்.-டி என்று மட்டும் எழுதிய பழைய லென்ஸையும் தவிர்த்துவிடுங்கள். அதற்குக் கேமராவுக்குள் ஃபோகஸ் மோட்டார் வேண்டும், உங்கள் கேமராவில் அது இல்லை. ஏ.எஃப்.-பி 70-300, அதிர்வுக் குறைப்பு உள்ளதாகவும் இல்லாததாகவும் இரு வகையில் விற்கப்பட்டது என்பதால், பிறர் வாங்கும்போதும் பெயரின் இறுதியில் வி.ஆர். என்ற எழுத்துகள் இருக்கின்றனவா என்று பார்க்கச் சொல்லுங்கள்.

கேள்வி: வீடு கடலுக்கு மிக அருகில் இருக்கிறது. முன்பிருந்த லென்ஸில் பூஞ்சை படர்ந்துவிட்டது. செகண்ட் ஹேண்டில் வாங்கவிருக்கும் ஜூம் லென்ஸை எப்படிப் பார்த்து வாங்குவது, எப்படிப் பாதுகாப்பது?
– வாசகர், வைத்திக்குப்பம்

பதில்: இருட்டறையில் லென்ஸின் இரு மூடிகளையும் கழற்றி, பின்பக்கத்திலிருந்து செல்போன் டார்ச்சை அடித்து, முன்பக்கத்திலிருந்து சாய்வாகப் பாருங்கள். சில தூசிகள் தெரிவது இயல்பு, படத்தைப் பாதிக்காது. சிலந்தி வலைபோல் கிளைத்த மெல்லிய இழைகளோ, கண்ணாடியின் ஓரத்தில் பனிபடர்ந்த வெண்மையோ தெரிந்தால், விலை எவ்வளவு குறைவாக இருந்தாலும் வாங்க வேண்டாம். ஜூம் வளையத்தைத் திருப்பும்போது மணல் அரைபடும் ஓசை கேட்டாலும் வேண்டாம். கடற்கரை ஊர்களில் பயன்படுத்திய லென்ஸில் இது அடிக்கடி காணும் குறை. குழல் நீண்டு சுருங்கும் ஒவ்வொரு முறையும் லென்ஸ் வெளிக்காற்றை உள்ளிழுக்கிறது. காற்றில் இருப்பதெல்லாம் உள்ளே போகிறது.

பூஞ்சைக்கு வேண்டியவை ஈரமும் இருட்டும் அசையாத காற்றும். கேமராப் பை இம்மூன்றையும் தருவதால், அதை வெளியே எடுத்துச் செல்லப் பயன்படுத்துங்கள். வீட்டில் லென்ஸை அதற்குள் வைக்காதீர்கள். காற்றுப் புகாத மூடியுள்ள பிளாஸ்டிக் டப்பாவில், சிலிக்கா ஜெல்லும் ஈரப்பதத்தைக் காட்டும் சிறிய மீட்டரும் போட்டு வைத்தால் போதும். மீட்டர் 40-க்கும் 50-க்கும் இடையில் காட்ட வேண்டும். அதற்கும் மிகக் கீழே இறங்கினால் ரப்பர் பாகங்களுக்கும் மசகுக்கும் நல்லதல்ல. சிலிக்கா ஜெல் நிறம் மாறியதும் சூடாக்கி உலர்த்தி மறுபடி பயன்படுத்தலாம். நீல நிறக் குருணையில் கோபால்ட் உப்பு கலந்திருப்பதால் அதைச் சமையல் பாத்திரத்தில் சூடாக்க வேண்டாம். அரிசியில் புதைத்து வைக்கும் வழக்கத்தையும் விட்டுவிடுங்கள். அரிசி மாவு லென்ஸின் இடுக்குகளில் புகுந்துவிடும். வடகிழக்குப் பருவமழை பெய்யும் அக்டோபர் முதல் டிசம்பர் வரை இதில் கூடுதல் கவனம் வேண்டும்.

குளிர்சாதன அறையிலிருந்து நேரே கடற்கரைக்குப் போனால் லென்ஸ் முழுவதும் வியர்க்கும். அந்த நேரத்தில் துணியால் துடைக்காமலும் லென்ஸைக் கழற்றாமலும், பைக்குள்ளேயே வைத்து அரை மணி நேரம் வெளிச்சூட்டுக்குப் பழக விடுங்கள். அலைச் சாரல் பட்ட லென்ஸை உலர்ந்த துணியால் தேய்த்தால் உப்புக் குருணை கண்ணாடியின் பூச்சைக் கீறும். முதலில் ஊதுகுமிழால் ஊதி, பிறகு நல்ல தண்ணீரில் லேசாக நனைத்த மென்துணியால் ஒற்றி எடுத்து, அதன் பிறகே துடைக்க வேண்டும். கடற்கரையில் எடுப்பவர்களுக்கு மட்டும், நல்ல யு.வி. ஃபில்டர் ஒன்றை முன்னால் மாட்டிக்கொள்ளும்படி நான் சொல்வதுண்டு. இரவில் தெருவிளக்குகளை நோக்கி எடுக்கும்போது அதைக் கழற்றிவிடுங்கள். இல்லாவிட்டால் விளக்கின் போலிப் பிம்பம் படத்தில் விழும்.

கேள்வி: எல்லோரும் மிரர்லெஸ் கேமராவுக்கு மாறுகிறார்கள். இந்த நேரத்தில் டி.எஸ்.எல்.ஆருக்கு லென்ஸ் வாங்குவது வீண் செலவாகாதா?
– வாசகி, மஞ்சக்குப்பம்

பதில்: ஆகாது. கேனானும் நிக்கானும் 2018-ல் மிரர்லெஸ் (உள்ளே மிரர் இல்லாத) கேமராக்களுக்குப் புதிய மவுண்டுகளை (லென்ஸ் பொருத்தும் வளையங்களை) அறிமுகப்படுத்தியபோதே, பழைய லென்ஸ்களைப் பொருத்துவதற்கான அடாப்டர்களையும் கொண்டுவந்தன. கேனானின் இ.எஃப்., இ.எஃப்.-எஸ் லென்ஸ்கள் அந்த அடாப்டரில் தானியங்கி ஃபோகஸுடன் நன்றாகவே இயங்குகின்றன. நிக்கானின் எஃப்.டி.இசட். அடாப்டரில் ஏ.எஃப்.-எஸ், ஏ.எஃப்.-பி லென்ஸ்களுக்குத் தானியங்கி ஃபோகஸ் உண்டு. மோட்டார் இல்லாத ஏ.எஃப்.-டி லென்ஸ்களைக் கையால்தான் ஃபோகஸ் செய்ய வேண்டும். மிரர்லெஸ் கேமராவில் படம் பதியும் சென்சாரே ஃபோகஸையும் பார்த்துக்கொள்வதால், முதல் பதிலில் சொன்ன முன்பின் பிசகும் அங்கே ஏற்படாது. பலர் மாறிக்கொண்டிருப்பதால் நல்ல டி.எஸ்.எல்.ஆர். லென்ஸ்கள் செகண்ட் ஹேண்டில் மலிவாகக் கிடைக்கின்றன என்பது உங்களுக்குச் சாதகமே. இ.எஃப்.-எஸ் லென்ஸ் சிறிய சென்சாருக்காகச் செய்யப்பட்டது. முழு அளவுச் சென்சார் உள்ள மிரர்லெஸ் கேமராவில் மாட்டினால் படத்தின் நடுப்பகுதி மட்டுமே பதிவாகும். எதிர்காலத்தில் அத்தகைய கேமரா வாங்கும் எண்ணம் இருந்தால், இப்போதே இ.எஃப். வகையில் தேடுங்கள்.